சாம்பல் தலைக் கிளி: ஒரு திருத்தம்

பதிவு கொஞ்சம் நீளம். வேலையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படியுங்கள். உறவுக்காரர்கள் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. ஆனால் 1985 முதல் 1989 வரை என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள் கட்டாயம் படிக்க வேண்டும். உங்களுக்கு நான் ஒரு பாடத்தைத் தப்பாக நடத்தியிருக்கிறேன்.

போன வாரம் நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு படம் வந்தது. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, மலையடிவாரத்துச் சோளக்காட்டில் எடுத்த படம். ஐந்து கிளிகள் கதிர்மேல் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டுக்குத் தலை நாவல்பழத்தைப் பிழிந்து பூசியது போலச் செக்கச்செவேல் என்று ஊதா கலந்து இருக்கிறது. மூன்றுக்குச் சாம்பல் தலை. படத்தின் கீழே எழுதியிருந்தது: "டீச்சர், நீங்க சொல்லிக் கொடுத்த ரெண்டு ஜாதிக் கிளியும் ஒண்ணா உக்காந்திருக்கு பாருங்க. என் மகளுக்கும் அப்படியே சொல்லிக் கொடுத்திருக்கேன்."

எழுதியவருக்கு ஐம்பது வயது ஆகப் போகிறது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவை இரண்டு ஜாதி அல்ல. ஒரே ஜாதி. செந்தலைக் கிளி என்று பெயர். செந்தலை ஆண். சாம்பல் தலை பெண். இதை முதலில் உங்கள் மகளிடம் திருத்திச் சொல்லிவிடுங்கள் தம்பி. மீதியைப் பிறகு படிக்கலாம்.

நம் ஊருக்குள் வரும் சாதாரணப் பச்சைக்கிளியை எல்லாருக்கும் தெரியும். சிவந்த மூக்கு, காது கிழியும் கத்தல். செந்தலைக் கிளி அதைவிடச் சிறியது. மூக்கு முதல் வால் நுனி வரை ஒரு முழ நீளம்கூட வராது, சுமார் 36 சென்டிமீட்டர். அதிலும் பாதிக்கு மேல் வால்தான். வாலைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மைனாவைவிடச் சின்ன உடம்பு. மேல் மூக்கு சிவப்பாக இருக்காது, பழுத்த மாம்பழ மஞ்சள். நடுவால் இறகு நீலம், நுனியில் மட்டும் வெள்ளை. பறக்கும்போது அந்த வெள்ளை பளிச்சென்று தெரியும். குரலும் வேறு. பச்சைக்கிளி திட்டுவது போலக் கத்தும். இது "டூயிங்? டூயிங்?" என்று ஏதோ கேள்வி கேட்பது போலக் கூப்பிடும். கூட்டமாக மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் வேகத்தில் தலை நிறத்தைப் பார்ப்பதற்குள் கடந்துவிடும். குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆணுக்குத் தாடையில் கறுப்பு. அது கழுத்தைச் சுற்றி மெல்லிய வளையமாக ஓடும். தோளில் குங்குமப் பொட்டு வைத்தது போல ஒரு அரக்குத் திட்டு. பெண்ணுக்குக் கறுப்பு வளையமும் இல்லை, தோள் பொட்டும் இல்லை. சாம்பல் தலையின் கீழே கழுத்தில் மஞ்சள் சாயல் மட்டும். பார்த்தால் யாருக்கும் இரண்டும் வேறு வேறு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. பச்சைக்கிளியில் ஆணுக்குக் கழுத்தில் வளையம் உண்டு, பெண்ணுக்குக் கிடையாது என்பது தெரியும். ஆனால் ஒரே ஜாதியில் தலையே இப்படி மாறும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குக் கிளி என்றால் அட்டையில் வெட்டி ஒட்டும் படம்தான். பாடத்திட்டம் போடுவது, கரும்பலகையை நான்காகப் பிரிப்பது எல்லாம் நன்றாகச் சொல்லிக் கொடுத்தார்கள். வெளியே போய்ப் பார் என்று ஒருவரும் சொல்லவில்லை.

இப்போது அந்தப் பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுத மாட்டேன். 1986 வகுப்பில் இருந்தவர்களுக்குத் தெரியும்.

தை மாதம் வந்தால் அவன் பள்ளிக்கு வரமாட்டான். வந்தாலும் பத்தரை மணிக்கு, தலையெல்லாம் சோளப்பூத் தூசியோடு வருவான். வருகைப் பதிவேட்டில் அவன் வரிசை முழுக்கச் சிவப்பு மை. வானம் பார்த்த சோளம் பால் பிடித்து முற்றுகிற காலம் அது. அவன் அப்பா அவனைக் காட்டில் பரண்மேல் ஏற்றிவிடுவார். தகர டின் ஒன்று, கவண் ஒன்று. விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கிளி விரட்டுவதுதான் அவன் வேலை. நானும் பலமுறை ஆள் அனுப்பினேன். "கிளி தின்னுட்டுப் போச்சுன்னா டீச்சரா சோறு போடும்?" என்று பதில் வந்தது. அதில் எனக்குக் கோபம். அந்தக் கோபமும் பின்னால் நடந்ததில் கலந்திருக்க வேண்டும்.

(கிளி விரட்டுவது நம்மவர்களுக்கு நேற்று வந்த வேலை இல்லை. சங்கப் பாட்டில் தினைப்புனம் காக்கும் பெண்களுக்குத் தட்டை, குளிர், தழல் என்று கிளி கடியும் கருவிகள் உண்டு. உயர்நிலையில் தமிழ் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும். வள்ளியம்மனும் பரண் மேல் நின்றவள்தானே.)

ஒரு நாள் பறவைகள் பாடம். கரும்பலகையில் நம் ஊர்க் கிளிகள் என்று மூன்று படம் வரைந்தேன். பச்சைக்கிளி, செந்தலைக் கிளி, சாம்பல் தலைக் கிளி. மூன்றும் மூன்று வகை என்று சொன்னேன். கடைசிப் பெஞ்சிலிருந்து அவன் எழுந்தான்.

"இல்லீங்க டீச்சர். செந்தலை ஆணுங்க. சாம்பத்தலை பொட்டைங்க. ரெண்டும் சோடிங்க."

உட்கார் என்றேன். உட்காரவில்லை.

"வாகை மரத்துப் பொந்துல பாத்தனுங்க. பொட்டை உள்ள அடை காக்குமுங்க. செந்தலை வந்து வாயில ஊட்டுமுங்க. குஞ்சுக்கு மண்டையும் பச்சையாத்தான் இருக்குமுங்க."

பிள்ளைகள் சிரித்தார்கள். அவனைப் பார்த்துச் சிரித்தார்களா என்னைப் பார்த்தா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. "நீ படிச்சியா, நான் படிச்சனா?" என்று கேட்டேன். உள்ளங்கையில் மர ஸ்கேலால் இரண்டு அடி. அதோடு விட்டிருக்கலாம். "செந்தலைக் கிளி வேறு, சாம்பல் தலைக் கிளி வேறு" என்று நூறு தடவை எழுதி வரச் சொன்னேன்.

எழுதி வந்தான். நூறும் எழுதியிருந்தான். நான் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

அவன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் சரி. இன்று வரிசையாகச் சரிபார்க்கிறேன். இந்தக் கிளி மார்கழியிலிருந்து பங்குனி வரை முட்டையிடும் காலம். மரத்தில் தானே பொந்து குடையும், இல்லையென்றால் மரங்கொத்தியோ குக்குறுவானோ விட்டுப்போன பொந்தைப் பெரிதாக்கிக்கொள்ளும். புல், பஞ்சு என்று மெத்தை எதுவும் கிடையாது, அடியில் கிடக்கும் மரத்தூள்தான். நான்கிலிருந்து ஆறு வெள்ளை முட்டை. பெண்தான் அடைகாக்கும், சுமார் மூன்று வாரம். ஆண் வெளியே தின்றதைக் கக்கி வாயோடு வாய் வைத்துப் பெண்ணுக்கு ஊட்டும். குஞ்சுகள் கண் திறக்காமல், உடம்பில் தூவி இல்லாமல் பிறக்கும். இறகு முளைத்து வெளியே வரும்போது தலையும் பச்சை. பிறகு ஆணோ பெண்ணோ எல்லாவற்றுக்கும் தலை சாம்பலாகும். ஆணுக்கு அந்தச் செந்தலை வர இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகவே ஒரு கூட்டத்தில் சாம்பல் தலைகள் அதிகமாகத் தெரிந்தால் அத்தனையும் பெண் என்று நினைக்கக் கூடாது. அதில் இளம் ஆண்களும் கலந்திருக்கும்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். புத்தகத்திலிருந்து தெரியவில்லை. அதற்கும் ஒரு தப்பு செய்தேன்.

1987 பங்குனியில் சந்தையில் ஒருவர் சாக்கு மூடிய கூடையில் கிளிக்குஞ்சு விற்றுக்கொண்டிருந்தார். இறகு பாதி முளைத்திருந்தது. "பொட்டைக் கிளிங்கம்மா, நல்லாப் பேசும்" என்றார். வாங்கிவிட்டேன். வள்ளி என்று பெயர் வைத்தேன். கிளியை விரட்டியவள் பெயரையே கிளிக்கு வைத்தேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார். எங்கள் வாடகை வீட்டுத் திண்ணையில் கூண்டு தொங்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். பச்சை மிளகாய் கொண்டுவந்து கொடுப்பீர்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் நிறையத் தெரிந்துகொண்டேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். காலில் இரண்டு விரல் முன்னே, இரண்டு பின்னே. கம்பியில் ஏறும்போது மூக்கை மூன்றாவது காலாக வைத்துக்கொள்ளும். நமக்குக் கீழ்த்தாடை மட்டும்தான் அசையும், கிளிக்கு மேல் மூக்கும் கீல் வைத்தது போல அசையும். அதனால்தான் ஒரு சோளத்தை நாக்கால் உருட்டி, உமியைத் தனியாக உரித்து, பருப்பை மட்டும் விழுங்க முடிகிறது. விதையை அப்படி அரைத்துத் தின்பதால், புல்புல் போல இது விதையைக் காட்டில் விதைப்பதும் அரிது. ஆலம்பழம், அத்திப்பழம் தின்றாலும் உள்ளிருக்கும் விதைக்காகத்தான் பெரும்பாலும் தின்னும். கடிக்கும், கொஞ்சம் தின்னும், மீதியைக் கீழே போடும். "திங்கறது ஒரு பங்கு, உதிர்க்கறது மூணு பங்கு" என்று காட்டுக்காரர்கள் திட்டுவது சும்மா இல்லை. மாசி மாதம் இலவ மரமும் புரச மரமும் பூத்தால் தேன் குடிக்கப் போய் இதழையும் கிழித்துப் போடும்.

வள்ளியின் பச்சைத் தலை சில மாதங்களில் சாம்பலானது. பையன் சொன்னது அப்போதே உறைத்திருக்க வேண்டும். எனக்கு உறைக்கவில்லை. "ஓ, இது சாம்பல் தலை ஜாதி" என்று நினைத்துக்கொண்டேன். ஒன்றைத் தீர்மானமாக நம்பிவிட்டால் கண்முன் நடப்பதையும் அதற்கேற்ற மாதிரி வளைத்துக்கொள்கிறோம் பாருங்கள்.

1989ல் பள்ளி திறந்து சில வாரம் இருக்கும். ஒரு காலை கூண்டைத் துடைக்கும்போது வள்ளியின் மூக்குக்கு மேலே சிவப்பாக ஏதோ தெரிந்தது. ரத்தம் என்று நினைத்தேன். பூனை நகம் பட்டிருக்கும் என்று மஞ்சளைக் குழைத்துத் தடவினேன். நான்கு நாள் கழித்துச் சிவப்பு இன்னும் கொஞ்சம் பரவியிருந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் பார்த்தேன். ரத்தம் இல்லை. இறகு. சாம்பல் இறகு ஒவ்வொன்றாக உதிர்ந்த இடத்தில் சிவப்பு இறகு குருத்து விட்டுக்கொண்டிருந்தது. இரண்டு மாதத்தில் தலை முழுக்க நாவல்பழ நிறம். கழுத்தில் கறுப்பு வளையம். தோளில் அந்தப் பொட்டு. என் வள்ளி ஆண்கிளி.

கூண்டுக்கு எதிரே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் நினைவுக்கு வந்தது அந்த நூறு வரியும் அதன் கீழே நான் போட்ட கையெழுத்தும்தான்.

அவன் அதற்குள் பள்ளியை விட்டுப் போயிருந்தான். ஆறாம் வகுப்புக்கு ஐந்து கிலோமீட்டர் போக வேண்டும், சேரவில்லை. நான் அடித்ததால்தான் படிப்பு நின்றது என்று சொன்னால் அது என்னைப் பெரிதாக்கிக்கொள்வதாகும். வீட்டில் ஆடு இருந்தது, கடன் இருந்தது, கீழே இரண்டு தங்கைகள். ஆனால் அடித்ததற்குப் பிறகு என் வகுப்பில் அவன் ஒருமுறைகூடக் கை தூக்கவில்லை. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்புறம்தான் புத்தகம் தேடினேன். வேறு பள்ளியில் இருந்த ஒரு தோழியிடம் சாலிம் அலி எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய ஆங்கிலப் புத்தகம் இருந்தது. 1941ல் முதல் பதிப்பு வந்த புத்தகம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். ஆண், பெண் இரண்டையும் தெளிவாகச் சொல்லியிருந்தார். நான் கரும்பலகையில் வரைவதற்கு எத்தனையோ வருடம் முன்பே அச்சில் இருந்த விஷயம். லின்னேயஸ் 1766லேயே இந்தக் கிளிக்கு அறிவியல் பெயர் வைத்துவிட்டார். அந்தப் பெயருக்கு நீலத்தலை என்று அர்த்தம்! ஆணின் பின்னந்தலையில் ஒரு நீலப் பூச்சு இருப்பது உண்மைதான், ஆனாலும் பெயரைக் கேட்டு இந்தக் கிளியைத் தேடினால் கிடைக்காது.

உண்மையிலேயே வேறு ஜாதியாக இருக்கும் கிளிகளும் நம் மலையில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில் நீலச் சிறகுக் கிளி இருக்கிறது. அந்த மலைத்தொடரை விட்டால் உலகில் வேறு எங்கும் கிடையாது. அதில் ஆணின் மேல் மூக்கு சிவப்பு, பெண்ணின் மூக்கு கறுப்பு. அதைவிடச் சிறியதாக, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, குட்டை வால் கிளி ஒன்று உண்டு. வௌவால் போலத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே தூங்கும். செந்தலைக் கிளியோ இமயமலை அடிவாரத்திலிருந்து இலங்கை வரை பரவியிருக்கிறது. ஆனால் பச்சைக்கிளி போல நகரத்துக்குள் வந்து பிழைக்கத் தெரியாது. பொந்து விழுந்த பழைய மரமும், பக்கத்தில் காடும் வேண்டும்.

வள்ளிக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை யார் கேட்டாலும் "பறந்து போச்சு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அது பொய்.

அந்தப் புத்தகம் படித்த காலத்தில்தான் இன்னொன்றும் தெரிந்தது. 1972ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் காட்டுக் கிளிகளைப் பிடிப்பது குற்றம், விற்பது குற்றம், வீட்டில் வைப்பதும் குற்றம். அரசுச் சம்பளம் வாங்கும் நான் திண்ணையில் பகிரங்கமாகத் தொங்கவிட்டிருக்கிறேன். பயம் பாதி, வெட்கம் பாதி. ஒரு காலை கூண்டைத் திறந்துவிட்டேன். வனத்துறையிடம் கேட்டிருக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது தோன்றவில்லை. வள்ளி வெளியே வந்து கொய்யா மரத்தில் உட்கார்ந்தது. மேலே கூட்டம் கடந்தபோது "டூயிங்?" என்று கேட்டது. கூட்டம் நிற்கவில்லை. குஞ்சிலிருந்து கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரண்டு கஜம் பறந்தாலே மூச்சு வாங்கியது. சாயங்காலம் தானாகக் கூண்டுக்குத் திரும்பியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் காலையில் கொய்யா மரத்தடியில் இறகுகள் கிடந்தன. எங்கள் தெருப் பூனைதான்.

வெள்ளை நுனி வைத்த நீல வால் இறகு ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன். 1990க்குப் பிறகு படித்தவர்கள் இப்போது ஞாபகப்படுத்திப் பாருங்கள். வகுப்பில் ஒரு நீல இறகைக் கொடுத்து, முதலில் மேசையில் வைத்துப் பார்க்கச் சொல்வேன், பிறகு ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கச் சொல்வேன். வெளிச்சம் பின்னாலிருந்து வந்தால் நீலம் காணாமல் போய் மங்கல் பழுப்பாகிவிடும். நீங்கள் மந்திரம் என்று கத்துவீர்கள். கிளி இறகில் நீலச் சாயமே கிடையாது. இறகுக்குள் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய அமைப்பு நீல ஒளியை மட்டும் நம் பக்கம் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலத்தோடு மஞ்சள் சாயம் சேர்ந்தால் நாம் பார்க்கும் கிளிப்பச்சை. அந்த மஞ்சளும், தலையின் சிவப்பும் கிளி தன் உடம்பிலேயே செய்துகொள்ளும் தனிச் சாயங்கள், வேறு பறவைகளிடம் கிடையாது. பூநாரை தின்னும் இரையிலிருந்து சிவப்பு எடுத்துக்கொள்கிறது, கிளிக்கு அந்தத் தேவை இல்லை. இதை நான் உற்சாகமாகத்தான் நடத்தினேன். அந்த இறகு எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொன்னதில்லை.

1990லிருந்து எல்லா வகுப்புக்கும் செந்தலை ஆண், சாம்பல் தலை பெண் என்று சரியாக நடத்தினேன். ஆனால் முந்தைய நான்கைந்து வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, தப்பு என்று சொல்லவில்லை. அவர்கள் ஊரிலேயேதான் இருந்தார்கள். ரேஷன் கடையில், மாரியம்மன் நோன்பில் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். இவ்வளவு சின்ன விஷயத்தை யார் நினைவில் வைத்திருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பத்தைந்து வருடம் கழித்து, என் தப்பு ஒரு சின்னப் பெண்ணின் வாய் வரை போயிருக்கிறது.

படம் அனுப்பிய தம்பிக்கு இன்னும் ஒன்று. உங்கள் படத்தை ஜூம் பண்ணி, இடமிருந்து நான்காவது கிளியைப் பாருங்கள். சாம்பல் தலைதான். ஆனால் மூக்குக்கு மேலே இரண்டு மூன்று சிவப்புப் புள்ளி தெரிகிறது. அது பெண் அல்ல. தலை மாறத் தொடங்கியிருக்கும் இளம் ஆண். மகளிடம் காட்டுங்கள். அப்புறம், கூடு இருக்கும் மரம் தெரிந்தால் அந்த இடத்தைக் குரூப்பில் போட வேண்டாம். குஞ்சு எடுக்கிறவர்களும் போன் வைத்திருக்கிறார்கள்.

1986 வகுப்புப் பிள்ளைகளே, அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று உங்களில் யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். கமெண்டில் பெயர் போட வேண்டாம். தாளவாடிப் பக்கம் ஆடு மேய்க்கிறான் என்று ஒருவர் சொன்னார், திருப்பூருக்குப் போய்விட்டான் என்று இன்னொருவர் சொன்னார். பஸ் போகும் இடமாக இருந்தால் நானே போய்ப் பார்க்கிறேன். முழங்கால் வலி இருக்கிறது, பரவாயில்லை.